வாள் பட்டபோது நான் தூக்காத கை

முரளி,

அன்று வாள்வீச்சுப் போட்டியில் தலைமை நடுவர் என் பக்கம் திரும்பி, "பட்டதா?" என்று கேட்டபோது, "ஓம், பட்டது" என்று நான் சொல்லவில்லை. போட்டி தொடங்குவதற்கு முன் அவர் பக்க நடுவர்களான எங்கள் நால்வரையும் பொதுவாகப் பார்த்து, "விளையாடுகிற பிள்ளைகளில் ஆருக்காவது நீங்கள் சொந்தமோ?" என்று கேட்டார். "முரளி என் அக்காவின் மகன், ஒன்பது வயதிலிருந்து அவனை வளர்ப்பவள் நான்தான்" என்று அப்போதும் நான் சொல்லவில்லை. அன்று மாலை நம் குசினியில், உன் அறைத் தோழன் நசீர் மூதூரிலிருந்து சட்டியோடு கொண்டுவந்த எருமைத் தயிரில் நீங்கள் இருவரும் சீனி போட்டுப் போட்டிபோட்டுச் சாப்பிட்டீர்கள். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இன்னொரு தருணம் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது ஆறு கிழமைகள் கழிந்துவிட்டன. பரீட்சை முடிந்து, வருகிற மாதம் நீ கொழும்புக்கு வேலைக்குப் போகிறாய். போவதற்கு முன் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவுக்குப் போகும் அணியிலிருந்து உன் பெயரை எடுக்கவைத்தவன் நசீர் அல்ல. நான். அவன் யாரிடமும் போய் அழவில்லை, யாரிடமும் முறையிடவில்லை. இந்தக் கடிதத்தை நான் உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். இதன் பிரதி ஒன்று நசீருக்கும், இன்னொன்று உங்கள் விடுதியின் அறிவித்தல் பலகைக்கும் போகின்றன. புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பதைக்கூட ஒருவருக்கும் காட்டாமல் அலுமாரியைப் பூட்டுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் இதைப் பலகையில் ஒட்டச் சொல்கிறேன் என்றால், யோசிக்காமல் சொல்லவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும். பொறுத்துக்கொள், வாசிக்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாதே. கடலுக்குப் போய்த் திரும்பி வராத மீனவர்களின் குடும்பங்களுக்கு உதவ நம் ஊரில் ஒரு குழு சேர்ந்தபோது, பல்கலைக்கழக வாள்வீச்சு அணியைக் கூப்பிட்டு, டிக்கெட் வைத்து ஒரு போட்டி நடத்தலாம் என்று யோசனை சொன்னது நீதான். இடம், துறைமுகத்தில் இங்கிலீசுக்காரர் விட்டுப்போன பழைய உடற்பயிற்சி மண்டபம். பத்துப் பன்னிரண்டு வருடமாக வௌவால்கள் இருந்த அந்தப் பலகைத் தரையைக் கழுவித் துடைக்க, கடற்கரையிலிருந்து அந்தக் குடும்பங்களின் பெண்களே வந்தார்கள். உங்கள் அணிக்கு இந்தியாவில் நடக்கும் போட்டிக்கு நான்கு இடங்கள் இருந்தன. மூன்று பேரை ஏற்கெனவே எடுத்தாயிற்று. அன்றைய இறுதியாட்டத்தில் வெல்கிறவனுக்கு நான்காவது இடம் என்று தலைமை நடுவர் எல்லோருக்கும் கேட்க அறிவித்தார். இறுதியில் நின்றவர்கள் நீயும் நசீரும்.

நமது ஊர் அதற்கு முன் வாள்வீச்சைப் பார்த்ததில்லை. முகத்துக்குக் கம்பிவலை போட்டுக்கொண்டு நீங்கள் வந்து நின்றதும், பக்கத்து வீட்டுச் சரசக்கா, "இதென்னடி, சாப்பாடு மூடுற கூடையைத் தலையில கவுத்துக்கொண்டு நிக்கிறாங்கள்" என்றா. பின்னால் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த ஒருவர், "ரெண்டும் வெள்ளையாத்தானே கிடக்கு, எங்கட பெடியன் எது?" என்று கேட்டார். "நெட்டையா நிக்கிறவன் எங்கட முரளி. மற்றது மூதூர்ப் பெடியன்" என்றா சரசக்கா. "அப்ப ரெண்டும் எங்கட பெடியள்தானே" என்று அவர் சொல்ல, ஒரே சிரிப்பு. உங்கள் பக்க நடுவர்களில் ஒருவர் பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டார். வாள் பிடித்த அனுபவமுள்ள யாராவது உண்டா என்று குழுச் செயலாளர் கேட்டபோது, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உன் அம்மா செத்து, நான் படிப்பை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு உன் அப்பாவைக் கட்ட வருவதற்கு முன், அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணியில் நான் இருந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். வெளியூரிலிருந்து வந்த தலைமை நடுவருக்கு நான் யாரென்று தெரியாது. ஊருக்குத் தெரியும், ஆனால் நடுவருக்குச் சொந்தம் இருக்கக்கூடாது என்பது ஊருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் மூன்று பேர்தான். நீ, நான், நசீர்.

மின்விளக்கு எரிந்து தொடுகையைக் காட்டும் கருவிகள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. நம்மிடம் மனிதக் கண்கள்தான். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்குப் பின்னாலும் இருவர் நின்று, எதிரில் நிற்பவனின் உடம்பைப் பார்க்க வேண்டும். வாள்முனை பட்டால் கை தூக்க வேண்டும். நசீரின் தோளுக்குப் பின்னால் இடது பக்கத்திலிருந்து உன்னைப் பார்ப்பது என் வேலை. நாலுக்கு நாலு. இனி ஒரு தொடுகைதான். நசீர் பாய்ந்தான். நீ தடுத்தாய், ஆனால் பிந்திவிட்டாய். அவன் வாள்முனை உன் வலக்கையின் கீழ், விலாவில் முட்டியது. வாள் வில்லாக வளைந்தது. எதிலும் முட்டாத வாள் வளையாது, முரளி. நான் கண்ட அளவுக்கு அதைத் தெளிவாக வேறு யாரும் காணவில்லை, ஏனென்றால் மற்றப் பக்கத்தில் நின்றவருக்கு உன் உடம்பே மறைத்தது. நசீர் தானாக நின்றுவிட்டான். தலைமை நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

முதலில் மற்றவரைக் கேட்டார். "நான் காணேல்லை சேர்" என்றார் அவர். பிறகு என்னை. "பட்டதா?"

"சொல்ல ஏலாது" என்றேன்.

சரசக்கா கை தட்டியது எனக்குக் கேட்டது. நீ ஒன்றும் பேசவில்லை. வலைக்குள் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தொடுகை இல்லை என்று தீர்ப்பாகி, ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் நீ நேராகப் பாய்ந்து நசீரின் நெஞ்சில் தொட்டாய். அதற்கு யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. நடுவர்கள் அசைவதற்கு முன்பே நசீர் இடக்கையை உயர்த்தி, "பட்டது" என்று தானே சொல்லிவிட்டான். வலையைக் கழற்றி, வாளை முகத்துக்கு நேரே பிடித்து உனக்கு மரியாதை செய்தான், தலைமை நடுவருக்குச் செய்தான், பிறகு திரும்பி எனக்கும் செய்தான். என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் செய்தான். அவன் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே, "இவ அவனுடைய சின்னம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாலையில் தயிர்ச்சட்டியோடு நம் வீட்டுக்கு வந்து, "சின்னம்மா, சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ, தோத்தவனுக்கு இனிப்பு வேணும்" என்றான். நீ சிரித்தாய். நான் இன்னும் இரண்டு கரண்டி போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். பாசம் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், அதனால் அதைச் சொல்லப்போவதில்லை. நான் பயந்தேன். இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. முதல் மாதம் நீ காய்ச்சலில் கிடந்தாய். பார்க்க வந்த பெண்கள் உன் நெற்றியைத் தொட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். "சின்னம்மா எண்டால் சின்னம்மாதானே" என்று ஒருத்தி சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்கும்படிதான் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து உன் பிழை ஒன்றையும் நான் வெளியே சொன்னதில்லை. கணக்குப் பாடத்தில் நீ பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதிப் பிடிபட்டபோது, வாத்தியாரிடம் போய், என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று சண்டை பிடித்தேன். நீ செய்தாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கைக்கடிகாரத்தை நீ கடலில் தொலைத்தபோது, கிணற்றடியில் நான்தான் தவறவிட்டேன் என்றேன். பெற்றவள் பிள்ளையை அடிக்கலாம், திட்டலாம், ஊரின் முன்னால் இழுத்துக்கொண்டு வரலாம். எனக்கு அந்த உரிமையை ஊர் தரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த மண்டபத்தில் கை தூக்கியிருந்தால், நான்காவது இடத்தை உன்னிடமிருந்து எடுத்தவள் என்று ஊர் முழுக்கச் சொல்லும். பெற்றவளாக இருந்தால் தூக்கியிருப்பாளா என்று கேட்கும். ஒரு கணத்தில் நான் நினைத்தது இதைத்தான். நசீரை நினைக்கவேயில்லை.

உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா? காய்ச்சல் மாறிய பிறகு, வளவில் இரண்டு பூவரசம் கம்புகளை வைத்து உனக்கு வாள்வீச்சின் முதல் அடிகளைக் காட்டினேன். நீ என்னோடு கதைக்காமல் இருந்த காலம் அது. கம்பு பட்டால் பட்டவனே சொல்ல வேண்டும், மற்றவன் சொல்லக்கூடாது, அதுதான் இந்த விளையாட்டின் மரியாதை என்றேன். நீ அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டாய். கம்பு படாதபோதும் "பட்டது, பட்டது" என்று கத்துவாய். "எங்கையடா பட்டது?" என்று கேட்டால், "நீங்கள் வெல்லத்தானே வேணும்" என்பாய். என்னைச் சந்தோஷப்படுத்தினால் நான் போய்விட மாட்டேன் என்று நினைத்தாயோ என்னவோ. நான் உன்னைத் திருத்தியிருக்க வேண்டும். படாததைப் பட்டது என்பதும் பொய்தான் என்று ஒன்பது வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது இனித்தது, விட்டுவிட்டேன். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் இழந்துவிடாமல் இருக்கப் பொய் சொல்லிப் பழகியவர்கள். அதை இனிமேல் நான் செய்யப்போவதில்லை.

போட்டிக்கு மறுநாள் காலை, நீயும் நசீரும் மற்றப் பிள்ளைகளும் முதல் பஸ்ஸில் போன பிறகு, உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார். கையை எடுக்க மறந்ததில் பாண் கரைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது.

"நல்லாக் கண்டனியோ?"

"நல்லாக் கண்டனான்."

"இப்ப போய்ச் சொன்னால் ஆக்கள் என்ன கதைப்பினம் எண்டு தெரியும்தானே?"

"தெரியும்."

கரைந்த பாணைக் கரண்டியால் அள்ளி எடுத்தார். "பெடியன் உன்னோட கதைக்காமல் விட்டால்?"

"அதுவும் தெரியும்."

"அப்ப வெயில் ஏற முந்திப் போட்டு வா" என்றார்.

தலைமை நடுவர் வாடிவீட்டில் தங்கியிருந்தார், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு காருக்குக் காத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார் என்பதை முதலில் சொன்னேன், பிறகு வாள் வளைந்ததைச் சொன்னேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை. கோபித்தார். கோபித்தது நியாயம். "பட்டதா எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டனான் அம்மா. அப்ப வாயில என்ன இருந்தது?" என்றார். அணிப் பட்டியலை எடுத்து, உன் பெயரைக் கோடிட்டு வெட்டி, நசீரின் பெயரை எழுதினார். பிறகு பேனையை மூடிக்கொண்டு, சற்றுத் தணிந்த குரலில், "உங்கட பேரை நான் வெளியில விடேல்லை. தீர்ப்பு மறுபரிசீலனை செய்யப்பட்டது எண்டு மட்டும் போடுறன். குடும்பப் பொம்பிளை, வீண் கதை எதுக்கு" என்றார். நான் தலையாட்டினேன். அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பி, மீன் வாங்கிச் சமைத்தேன்.

மண்டபத்தில் செய்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் பெரிய பிழை. மூன்று கிழமை கழித்து உன் கடிதம் வந்தது. "நசீர் நடுவரிட்டப் போய் அழுது என்ர இடத்தைப் பறிச்சுப்போட்டான். நான் அறை மாறிவிட்டேன். விடுதியில் எல்லோரும் அவனைக் கண்டால் கண்ணைத் துடைத்துக் காட்டுகிறார்கள். நல்ல படிப்பினை" என்று எழுதியிருந்தாய். என் பெயர் இல்லாமல் போன இடத்தில் நீங்கள் எல்லோருமாக அவன் பெயரை எழுதிவிட்டீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டவள் நான்.

மறுநாளே லோஞ்சுப் படகில் ஏறி மூதூருக்குப் போனேன். நசீர் விடுதியை விட்டு வீட்டுக்கு வந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அவன் உம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, பால் விடாத பிளேன்ரீ தந்தா. அவவின் முன்னாலும் அவன் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க வந்து சொன்னது நல்லம் தங்கச்சி. ஆனா என்ட மகன் இந்த வீட்டில ஒரு கிழமையா வாய் திறந்து கதைக்கல்ல. அத ஆருக்கிட்டப் போய்ச் சொல்லுறது?" என்றா. நான் தலைகுனியவில்லை, அவவின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். அவ்வளவாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

நசீரைப் பார்த்து, "எல்லாருக்கும் தெரிய நான் எழுதுறன். நீ இந்தியாவுக்குப் போ" என்றேன்.

"நான் போன கிழமையே விலகுறன் எண்டு கடிதம் குடுத்திட்டன் சின்னம்மா" என்றான். "அழுது எடுத்த இடம் எண்டு சொன்னாங்க. அப்படி ஒரு இடம் எனக்குத் தேவையில்ல எண்டு எழுதிக் குடுத்தன்."

"முரளிக்கிட்ட நீ கேக்கேல்லையோ?"

"என்னத்தக் கேக்க? எனக்குப் பட்ட நேரம் நான் 'பட்டது' எண்டு சொன்னன். அவனுக்குப் பட்டத அவன்தான் சொல்லணும். நான் கேக்கக்கூடாதே."

திரும்பும் லோஞ்சு புறப்படுவதற்கு முன், இறங்குதுறையிலிருந்த தபாற்கந்தோரிலிருந்து தலைமை நடுவருக்குத் தந்தி அடித்தேன். அதில் என் முழுப்பெயரும், உன்னை வளர்த்தவள் என்பதும், முறையிட்டவள் நானே என்பதும் இருந்தன. அவற்றை எல்லோரும் அறிய வெளியிடச் சொல்லி, நசீரை மீண்டும் சேர்க்கும்படி கேட்டேன்.

நீ கோபிப்பாய். கோபி. இந்தக் கடிதத்தைப் பலகையிலிருந்து கிழித்து எறியவும் உனக்குத் தோன்றும். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன், எனக்குத் தாளும் மையும் இருக்கின்றன. விடுமுறைக்கு வீட்டுக்கு வராவிட்டால் நான் கொழும்புக்கு வருவேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியே இருந்து ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பேன். நீ சாப்பிடப் போகும்போது கதவு எப்படியும் திறக்கும்தானே. ஊர் என்னை என்ன சொல்லும் என்று இனி எனக்குக் கவலை இல்லை. போன கிழமை நானே எல்லாவற்றையும் சொன்னபோது, சரசக்கா வேலியடியில் நின்று, "பெத்த பிள்ளையா இருந்தால் இப்பிடிச் செய்வியோடி?" என்று நேராகவே கேட்டா. "பெத்த பிள்ளையா இருந்திருந்தால் அண்டைக்கே கை தூக்கியிருப்பன் அக்கா" என்றேன். பன்னிரண்டு வருடமாகப் பயந்த கேள்வி அது. கேட்டபோது அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை.

உன் விலாவில் அந்த முனை பட்டது உனக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தத் தடித்த சட்டைக்குள்ளும் உடம்புக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், நானும் அதைப் போட்டவள். ஆனாலும் அந்தப் பதில் எனக்குரியது அல்ல. நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், கொழும்புக்குப் போகுமுன் மூதூருக்கு லோஞ்சு ஏறு. காலையில் போனால் கடல் அமைதியாக இருக்கும். நான் கூட வரமாட்டேன். உனக்காக ஒன்றும் சொல்லவும் மாட்டேன்.

தந்திக்குத் தலைமை நடுவர் மரியாதையாகப் பதில் எழுதினார். பெயர்கள் ஏற்கெனவே இந்தியாவுக்குப் போய்விட்டன, இனி மாற்ற ஏலாது என்று அதில் இருந்தது. அணி கடந்த ஞாயிற்றுக்கிழமை தலைமன்னாருக்கு ரயில் ஏறி, மறுநாள் கப்பலில் போயிற்று. நான்காவது ஆளாகப் போனவன், அன்று நமது மண்டபத்தில் மூன்றாவதாக வந்த பெடியன். நசீர் இன்னும் விடுதிக்குத் திரும்பவில்லை.

சின்னம்மா